நெல்லுக்கு ஒரு கண்ணாடிச் சட்டை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியவுடன், எங்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் பலரும் ராக்கெட், ரோபோ, மின்சாரக் கார் என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ எதப் பத்திடா எழுதப் போற?" என்று கேட்ட நண்பனிடம் "சிலிக்கான்" என்றேன். "அது இ.சி.இ. பசங்க சமாச்சாரம், உனக்கு எதுக்கு?" என்றான். "சிப்புல இருக்குற சிலிக்கான் இல்லடா, நெல்லுல இருக்குற சிலிக்கான்" என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் வீடு டவுனில். ஒரு நாள் களத்தில் வேலை செய்திருந்தால் சிரித்திருக்க மாட்டான். வைக்கோல் போர் போட்டுவிட்டு இறங்கினால் உடம்பெல்லாம் பிடுங்குமே, அந்தச் சுணை. நெல் தாளைக் கையால் உருவினால் விரலைக் கீறுமே, அந்தக் கூர். நம் பாட்டிமார் பல் விளக்கிய உமிக்கரியின் நறநறப்பு. இவற்றில் எல்லாம் பெரும்பங்கு சிலிக்கானுக்கு உண்டு. சிப்பில் இருக்கும் அதே தனிமம்தான், நெல்லில் ஆக்சிஜனோடு சேர்ந்து சிலிக்காவாக, அதாவது கண்ணாடியின் உறவுக்காரனாக இருக்கிறது. அந்தக் கண்ணாடிதான் நெற்பயிரின் சட்டை. அதைப் பற்றி நான் தேடிப் படிக்க நேர்ந்த கதை கொஞ்சம் கசப்பானது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரை. அப்பா ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறார். (டெல்டாவுக்கு வெளியே உள்ள நண்பர்களுக்காக: மூன்று மா என்பது ஒரு ஏக்கர்.) அப்பா மூன்றாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் என் பேச்சுக்கு என் வயதுக்கு மீறிய மரியாதை. அதுதான் வினையாகப் போனது.

முதலாம் ஆண்டு தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். ஆந்திரா பொன்னி. எங்கள் வயல் கொஞ்சம் வெளிறின மாதிரி இருந்தது. பக்கத்து வயல் கரும்பச்சை. யூரியா மூட்டையின் மேல் '46 சதவீதம் நைட்ரஜன்' என்று அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டி, "இன்னொரு மூட்டை போடணும்பா. பயிர் பச்சை பிடிக்கிறதுக்கு நைட்ரஜன்தான் வேணும்" என்றேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்ததுதான். அப்பா கொஞ்சம் தயங்கினார். "மழ மூட்டமா இருக்கே தம்பி" என்றார். பிறகு அம்மாவிடம், "படிக்கிற புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, கடன் சொல்லி ஒரு மூட்டை வாங்கி வந்து போட்டார்.

இரண்டு வாரத்தில் பயிர் திமுதிமுவென்று எழுந்தது. ஊரே கண் வைத்தது. மார்கழி பிறந்தது, பனி இறங்கியது. காலை ஒன்பது மணி வரை தாளெல்லாம் ஈரம். இலையில் சின்னச் சின்னப் புள்ளிகள். இரண்டு முனையும் கூராக, நடுவில் அகன்று, மனிதக் கண் போல. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கடைக்காரர் ஏதோ மருந்து கொடுத்தார், அடித்தோம். புள்ளி கொஞ்சம் நின்றது போலிருந்தது. கதிர் வெளிவந்தபோதுதான் பேரிடி. கதிருக்குக் கீழே கழுத்துப் பகுதி கறுத்து அழுகி, கதிர் அப்படியே ஒடிந்து தொங்கியது. கையில் எடுத்து நசுக்கினால் பால் இல்லை, பதர். ஆறு மாவில் அறுபது மூட்டைக்குக் குறையாமல் கண்ட நிலத்தில் அந்த வருஷம் இருபத்தொன்பது. குத்தகை நெல் அளந்தது போக வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டாம்.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் செமஸ்டருக்குப் பணம் கட்ட வைக்கோலை மொத்தமாக விற்றார். வியாபாரி மெஷின் கொண்டு வந்து உருளை உருளையாகக் கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஊரில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. பேசவந்த வேளாண்மை அலுவலர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: "யூரியா எவ்வளவு போட்டீங்க?" அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டாவது கேள்விதான் என்னைக் குடைந்தது. "வைக்கோலையும் வருஷா வருஷம் வித்துடுறீங்களா?"

யூரியா புரிகிறது. நோய்க்கும் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

முதலில் நோய். அதன் பெயர் குலை நோய். உண்டாக்குவது ஒரு பூசணம். பழைய புத்தகங்களில் பைரிகுலேரியா என்றும், புதிய புத்தகங்களில் மேக்னபோர்த்தே ஒரைசே என்றும் பெயர் போட்டிருக்கும். இது நமக்குப் புது விருந்தாளி இல்லை. 1919இலேயே தஞ்சை டெல்டாவைப் பெரிய அளவில் தாக்கியதாகப் பதிவு உண்டு. ஆகவே "அந்தக் காலத்துல நோயே கிடையாது" என்று திண்ணையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் பூசணம் இலைக்குள் நுழைகிற விதம் மெக்கானிக்கல் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. காற்றில் பறந்து வரும் அதன் வித்து, மூன்று அறை கொண்ட குட்டிப் பேரிக்காய் போல இருக்கும். இலையில் விழுந்ததும் நுனியில் உள்ள பசையால் ஒட்டிக்கொள்கிறது. பனி ஈரம் கிடைத்தால் முளைக்கிறது. முளையின் நுனி ஒரு குமிழாக வீங்குகிறது. இதற்கு அப்ரெசோரியம் என்று பெயர். நாம் ஒட்டுக் குமிழ் என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். குமிழின் சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி பூசப்படுகிறது. நம் தலைமுடியைக் கறுப்பாக வைத்திருக்கிற அதே குடும்பத்து நிறமி. உள்ளே கிளிசரால் சேர்கிறது. கிளிசரால் வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. மெலனின் பூச்சு தண்ணீரை உள்ளே விடும், கிளிசராலை வெளியே விடாது. அப்புறம் என்ன ஆகும்? பிரஷர் ஏறும்.

எவ்வளவு தெரியுமா? 80 அட்மாஸ்பியர் வரை என்று அளந்திருக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு அட்மாஸ்பியர் சுமாருக்குத்தான் வரும். எங்கள் பக்கத்து ரைஸ் மில் பாய்லரைப் பார்க்கப் போனபோது கேஜில் முள் எட்டில் நின்றது. அதற்கே பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. அதைப் போலப் பத்து மடங்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழுக்குள்! அந்த அழுத்தம் முழுவதும் குமிழின் அடியில் உள்ள ஊசி போன்ற ஒரு முளையின் மேல் இறங்குகிறது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பஞ்ச் இறங்குகிற மாதிரி, இலையின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. ஒரு வாரத்துக்குள் அங்கே ஒரு கண் புள்ளி. அந்த ஒரு புள்ளியிலிருந்து ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்துகள் புறப்படும்.

இங்கே ஒரு சுவாரசியம். குலை நோய்க்கு அடிக்கிற டிரைசைக்ளசோல் என்ற பூசணக்கொல்லி செய்கிற வேலை, பூசணம் மெலனின் தயாரிப்பதைத் தடுப்பதுதான். பூச்சு இல்லாத குமிழில் பிரஷர் நிற்காது. பாய்லர் ஷெல்லில் ஓட்டை போட்டுவிட்ட மாதிரி. ஆனால் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்துக்கு இந்த வழியில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் புள்ளி வந்த பிறகு அல்லவா ஓடினோம்.

குமிழை உடைப்பது ஒரு வழி. தோலைத் தடிமனாக்குவது இன்னொரு வழி. சிலிக்கான் வருவது இந்த இரண்டாவது வழியில்.

"மண்ணுல மணல் இல்லாத இடம் ஏது? மணல் முழுக்க சிலிக்காதானே, பயிருக்கு என்ன குறை?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது சிலிக்கான்தான். எடையில் கால் பங்குக்கும் மேல். ஆனால் மணலில் அது குவார்ட்ஸ் படிகமாக இறுகிக் கிடக்கிறது. நம் ஃபவுண்டரி ஷாப்பில் உருகிய இரும்பை ஊற்றினாலும் அசையாத மணல், வேருக்கு மட்டும் கரைந்து கொடுக்குமா? பத்தாயம் நிறைய நெல் இருந்து சாவி தொலைந்துபோன கதை. வேர் குடிப்பது தண்ணீரில் கரைந்த சிலிசிக் அமிலத்தை மட்டும். அது மண்ணில் உள்ள களித் தாதுக்களிலிருந்தும், மக்கிய வைக்கோலிலிருந்தும், சாம்பலிலிருந்தும் மெதுவாகக் கரைந்து வர வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது இது கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது.

நெல் மற்றப் பயிர்களைப் போல இல்லை. சிலிக்கானை விரும்பித் தேடிக் குடிக்கிற பயிர். ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா என்பவரின் குழு, நெல் வேரில் இதற்கென்றே இருக்கும் ஒரு கதவைக் கட்டுப்படுத்தும் ஜீனை 2006இல் கண்டுபிடித்து வெளியிட்டது. அடுத்த ஆண்டு இரண்டாவது கதவு. ஒன்று வெளியிலிருந்து வேர்ச் செல்லுக்குள் விடுகிறது; மற்றது செல்லிலிருந்து தண்டை நோக்கித் தள்ளுகிறது. இன்லெட் வால்வு, அவுட்லெட் வால்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கதவு பழுதான நெல் ரகம் ஒன்றை வயலில் வளர்த்துப் பார்த்தார்கள். அதற்குச் சிலிக்கான் ஏறவில்லை, பூச்சியும் நோயும் அதைத் தேடி வந்தன, விளைச்சலும் விழுந்தது.

வேர் குடித்த சிலிசிக் அமிலம் தண்ணீரோடு இலைக்கு ஏறுகிறது. இலையில் தண்ணீர் ஆவியாகிப் போய்விட, அமிலம் மட்டும் தங்கிச் செறிந்து, கூழாகி, பிறகு கெட்டியான சிலிக்காவாகிவிடுகிறது. நெல் இலையின் மேல் மெழுகு போன்ற மெல்லிய தோலின் தடிமன் 0.1 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு நேர் கீழே சிலிக்கா அடுக்கு 2.5 மைக்ரான், அதாவது மேல்தோலைப் போல இருபத்தைந்து மடங்கு. இதுதான் நான் தலைப்பில் சொன்ன கண்ணாடிச் சட்டை. நன்றாகச் சிலிக்கான் ஏறிய நெற்பயிரைக் காயவைத்து எடை போட்டால், அதில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சிலிக்காவாக இருக்கும். வேறெந்தச் சத்தும், நைட்ரஜன் உட்பட, அந்த அளவுக்கு அதில் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை இறுகிய சிலிக்கா பழைய இலையிலிருந்து புது இலைக்குப் போகாது. செட் ஆன சிமெண்டைத் திருப்பிக் கலவையாக்க முடியாதல்லவா? ஆகவே ஒவ்வொரு புது இலைக்கும், கடைசியில் வருகிற கதிர்க் கழுத்துக்கும், அப்போதைக்கப்போது வேரிலிருந்து புதிதாக வந்தாக வேண்டும். நோய் வந்த பிறகு சாம்பலைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை.

இதை முதலில் கவனித்தவர்கள் ஜப்பானியர்கள். 1917இல் ஒனோதேரா என்ற ஆய்வாளர், ஒரே வயலில் குலை நோய் வந்த பயிரையும் வராத பயிரையும் எடுத்து இரசாயனப் பரிசோதனை செய்து, நோய் வந்ததில் சிலிக்கான் குறைவாக இருப்பதைக் காட்டினார். 'சிலிக்கான் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் சிலிக்கான் ஏறவில்லையா?' என்று உங்களில் யாராவது கேட்டால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு. பத்து ஆண்டுகள் கழித்து, 1927இல் கவாஷிமா என்பவர் சிலிக்கான் கொடுத்து வளர்த்த பயிர் குலை நோயை அதிகம் தாங்குகிறது என்று சோதனை செய்து காட்டினார். 1955இல் ஜப்பான் அரசு சிலிக்கேட்டை ஓர் உரமாகவே அங்கீகரித்தது. அந்த உரம் எது தெரியுமா? இரும்பாலையின் கசடு! தாதுவை உருக்கும்போது சுண்ணாம்புக் கல் போட்டு மேலே மிதக்க வைத்து வழித்தெடுப்போமே, ஸ்லாக், அதுதான். கால்சியம் சிலிக்கேட். மெட்டலர்ஜி பாடத்தில் 'கழிவு' என்று ஒரே வரியில் தாண்டிப்போன பொருள் அங்கே வயலுக்குப் போகிறது.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியிலும் இதே அனுபவம். அங்கே மண் முழுக்க மக்கிய செடிகொடிகளால் ஆனது. சிலிக்கான் மிகவும் குறைவு. கசடு போட்டதும் குலை நோயும் செம்புள்ளி நோயும் குறைந்தன. ஆனால் மண்ணில் ஏற்கெனவே போதுமான அளவு கரையும் சிலிக்கான் இருந்தால், மேலும் கொட்டுவதால் பெரிய மாற்றம் இருக்காது.

பஞ்ச், பிரஷர், பிளேட் தடிமன் என்று பார்த்ததும் 'ஆகா, இது நம்ம சப்ஜெக்ட், எல்லாம் புரிந்துவிட்டது' என்று நான் குதித்தது உண்மை. அங்கேயும் எனக்கு ஒரு குட்டு விழுந்தது. சட்டை தடிமனாக இருப்பது மட்டுமே காரணம் இல்லை என்கிறார்கள். சிலிக்கான் ஏறிய பயிரில், பூசணம் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்த இடத்திலும், பயிர் வேகமாக எதிர்த்து நிற்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சிலிக்கான் பெற்ற நெல்லைக் குலை நோய் தாக்கியபோது, மோமிலாக்டோன் எனப்படும் எதிர்ப்புப் பொருள்களை அந்தப் பயிர் அதிகமாகச் சுரந்தது தெரியவந்தது. சுவர் உயரமாக இருப்பது ஒன்று, வீட்டில் நாய் விழித்திருப்பது இன்னொன்று. சிலிக்கான் நாயைத் தட்டி எழுப்புகிறதா, அல்லது திருடனின் கைக்கும் வீட்டுக்காரனுக்கும் நடுவே நின்று மறைக்கிறதா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சுவரும் நாயும் இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது. டிப்ளமோ மாணவன் சொல் அம்பலம் ஏறாது என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது என் யூரியாவுக்கு வருவோம். நைட்ரஜன் அளவுக்கு மிஞ்சினால் பயிர் வேகமாகப் பெருக்கிறது. ஏறுகிற சிலிக்கான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. மாவு அதே அளவு, தண்ணீரை மட்டும் கூட ஊற்றி நாலு தோசையை எட்டாக்கின கதைதான். தோல் மெலிகிறது. இலை நிமிர்ந்து நிற்காமல் சரிகிறது, ஒன்றோடொன்று படிந்து பனி ஈரம் காயாமல் நிற்கிறது. இலைச் சாற்றில் பூசணத்துக்குப் பிடித்த தீனியும் கூடுகிறது. ஊரே கண் வைத்த அந்தக் கரும்பச்சை, பயிரின் ஆரோக்கியம் இல்லை, மெல்லிய சட்டை. வெளிறின இலைக்கு நைட்ரஜன் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. இலையைப் பக்கத்தில் வைத்துப் பச்சையின் அளவை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். அது இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்து வயலை அட்டையாக வைத்துக்கொண்டேன்.

அடுத்து வைக்கோல். இதை ஒரு கணக்காகவே போட்டுவிடலாம். ஒரு ஹெக்டேரில் 5 டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சிலிக்கான் 230 முதல் 470 கிலோ வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த 5 டன் நெல்லில் உமி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு டன். உமியை எரித்தால் சாம்பல் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு, 200 கிலோ. சாம்பலில் சிலிக்கா சுமார் 90 சதவீதம், 180 கிலோ. சிலிக்காவில் ஆக்சிஜன் எடை கழித்துச் சிலிக்கான் மட்டும் பாதிக்குச் சற்றுக் குறைவு, சுமார் 84 கிலோ. மிச்சம் எங்கே? பெரும்பகுதி வைக்கோலில்.

ஆக, நெல்லோடு உமி மில்லுக்குப் போகிறது. வைக்கோல் லாரியில் போகிறது. சட்டைத் துணி மொத்தமும் வருஷா வருஷம் வரப்பைத் தாண்டிப் போகிறது. திரும்பி வருவது யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். மூட்டையில் மூன்று சத்துக்கு எண் போட்டிருக்கிறது. நாலாவது எண் எந்த மூட்டையிலும் இல்லை. தாத்தா காலத்தில் யாரும் சிலிக்கான் என்று பேர் சொல்லிப் போடவில்லைதான். ஆனால் வைக்கோல் மாட்டுக்குப் போய் எருவாகத் திரும்பியது, அடுப்புச் சாம்பல் குப்பைக் குழிக்குப் போய் வயலுக்கு வந்தது. இப்போது எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் வீடு இரண்டு.

அந்த லாரியில் போனதில்தான் என் இரண்டாம் செமஸ்டர் கட்டணம் இருந்தது என்பதையும் நான் மறக்கவில்லை. "வைக்கோலை விற்காதீர்கள்" என்று மேடையில் சொல்வது சுலபம். பணம் கட்டக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறதே.

சரி, எங்களால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தபோது கண்ணில் பட்டது, ரைஸ் மில் பின்பக்கம் மலை போலக் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பல். பாய்லரில் உமியைத்தான் எரிக்கிறார்கள். சாம்பலைக் கேட்டால், "எடுத்துட்டுப் போனா சரி" என்கிறார்கள். ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றில்லை. 700 டிகிரிக்குள் எரிந்தால் சிலிக்கா ஒழுங்கில்லாத அமைப்போடு, கரையக்கூடியதாக இருக்கும். அதற்கு மேலே வெகு நேரம் சூடேறினால் படிகமாகிவிடும். படிகமானால் மறுபடி மணல் கதைதான், கரையாது. அதோடு அந்தப் படிகத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே பளீரென்று வெளுத்த சாம்பலை விட்டுவிட்டு, கொஞ்சம் கரி கலந்த கறுஞ்சாம்பலாகப் பார்த்து எடுத்தோம். நிறத்தை வைத்துச் சொல்வது தோராயம்தான். நம்மிடம் வேறு கருவி இல்லை. மூக்கிலும் வாயிலும் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு, சாம்பல் மேலும் தண்ணீர் தெளித்துத்தான் அள்ளினோம். இந்த ஒன்றில் அலட்சியம் வேண்டாம் நண்பர்களே. வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுவதானால் நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே உழ வேண்டும். இல்லையென்றால் மக்குகிற வைக்கோல் இளம் பயிரின் நைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும்.

போன சம்பாவில் நாற்றங்காலிலும், வடக்கோரம் இரண்டு மாவிலும் சாம்பல் போட்டோம்; நடவு வயலுக்கு மாவுக்கு ஏழு மூட்டை. மூட்டை பார்க்கப் பெரிது, எடை இருக்காது. அப்பா முதலில் ஒப்பவில்லை. "போன தடவ யூரியா, இந்தத் தடவ சாம்பலா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அவரே தலையில் முதல் மூட்டையைத் தூக்கினார்.

முடிவைக் கேட்பீர்கள். மார்கழியில் இலைப் புள்ளி வந்தது. சாம்பல் போட்ட இரண்டு மாவில் குறைவு. மூலைக்கு மூலை நடந்து, பத்துப் பத்துக் குத்தாக எண்ணிப் பார்த்தேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கழுத்துக் குலை சில இடங்களில் மட்டும். மொத்தம் ஐம்பத்துநாலு மூட்டை. அம்மா, "சாம்பல்தான் காப்பாத்துச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனால் நம் லேபில் கற்றுக்கொடுத்ததை மறைக்கக் கூடாது. ஒரு சோதனையில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாங்கள் சாம்பல் போட்ட அதே இரண்டு மாவில், பயந்துபோய் யூரியாவையும் பாதியாகக் குறைத்திருந்தோம். மற்ற நாலு மாவில் வழக்கமான அளவு. அந்த வருஷம் பனியும் முந்தின வருஷம் அளவுக்கு இல்லை. புள்ளி குறைந்தது சாம்பலாலா, யூரியா குறைந்ததாலா, பனி குறைந்ததாலா? என் நோட்டில் உள்ள எண்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இதை அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். "புள்ளி கொறஞ்சுதா இல்லையா, அதச் சொல்லு" என்றார்.

இந்தத் தை மாதம் அறுப்பு முடிந்ததும் வைக்கோல் வியாபாரி வழக்கம் போல வந்தார். அப்பா என்னைக் கேட்டார், "என்ன தம்பி செய்யலாம்?" மூன்று மா வைக்கோலைக் கொடுத்தோம், நாலாவது செமஸ்டருக்குக் கட்டியாகிவிட்டது. மூன்று மா வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது, கோடை மழைக்கு உழ வேண்டும். வரும் சம்பாவில் ஆறு மாவுக்கும் ஒரே அளவு யூரியா, அதுவும் அட்டையைப் பார்த்துத்தான். ஒரே ரகம், ஒரே நாள் நடவு. வைக்கோல் மடக்கி உழுத மூன்று மாவில் சாம்பலும் சேர்ப்போம், மற்ற மூன்று மாவில் இரண்டும் இல்லை. எண்ணிக்கையை அடுத்த ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன். மலர்க் குழுவினர் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கவும்.